எங்கள் சமையல் கூடுகையும் அதன் குறிப்பேடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் எங்கள் தெருவையும், அதற்கு மேலும் கீழும் உள்ள தெருக்களையும் சேர்ந்த சிலர் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். வருபவர் வீட்டில் சமைத்த ஒரு பண்டத்தையும், அதன் செய்முறையை எழுதிய ஒரு தாளையும், சமையலறையில் தமக்கு நேர்ந்த ஒரு வேடிக்கையையும் கொண்டுவர வேண்டும் என்பதே வழக்கம். தாள்களைப் படித்து, சந்தேகம் கேட்டு, ஒரு நீளக் குறிப்பேட்டில் படியெடுப்பது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், குறிப்பேட்டின் முன்பக்கத்தில் ஒட்டிவைப்பதற்காக இவற்றை எழுதினேன். கேள்விகளைக் கேட்டவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எனக்குச் சமைக்கத்தான் தெரியும், எழுத வராது. நான் வரலாமா?

தாராளமாக வரலாம். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஆள் இருக்கிறது. உண்மையில், குறிப்பேட்டில் உள்ள நல்ல குறிப்புகளில் பல அப்படி வந்தவைதாம். எழுதத் தெரிந்தவர் "எண்ணெய் காய்ந்ததும்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். சொல்கிறவரிடமோ, எண்ணெய் காய்ந்தது எப்படித் தெரியும் என்று இடைமறித்துக் கேட்க முடியும். "ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள், போட்டவுடன் வெடிக்க வேண்டும், அடியில் மூழ்கிக் கிடந்தால் இன்னும் காயவில்லை" என்ற பதில் அப்போதுதான் கிடைக்கும்.

நான் எதையும் அளந்து போட்டதில்லை, எல்லாம் கண் அளவுதான். அதை எப்படி எழுதுவது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மூத்த பாட்டி ஒருவர் தம்முடைய வத்தக்குழம்புக்கு "எலுமிச்சை அளவு புளி" என்று எழுதிக் கொடுத்தார். நான்கு பேர் அதைப் பார்த்துச் சமைத்தார்கள். ஒன்று ரசம் போல இருந்தது, இன்னொன்று பல் கூசும் அளவுக்குப் புளித்தது. அடுத்த கூடுகைக்கு அவரவர் வீட்டு எலுமிச்சையைக் கொண்டுவரச் சொல்லி, சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். மிகச் சிறியது 28 கிராம், மிகப் பெரியது 110 கிராம். பின்னதைக் கொண்டுவந்தவர் அது எலுமிச்சைதான் என்று கடைசிவரை சாதித்தார். நாங்கள் அதைக் கடாரங்காய் என்று முடிவு செய்தோம். நான்கையும் கையில் எடுத்துப் பார்த்த பாட்டி, "நான் சொன்னது இதில் எதுவும் இல்லை, எங்கள் அம்மா வீட்டு மரத்து எலுமிச்சை" என்றார். அந்த மரம் போய் நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

பிறகு பாட்டியையே புளி உருட்டச் சொன்னோம். பேச்சுக் கொடுத்தபடி உருட்டிய மூன்று உருண்டைகளும் 35 கிராமை ஒட்டியே இருந்தன; கை தவறவில்லை, சொல்தான் எங்களிடம் வந்து சேரவில்லை. ஆகவே, உங்கள் கையை நம்பியே சமையுங்கள், ஆனால் போடுவதற்கு முன் ஒருமுறை எடை போடுங்கள். உப்பு, மிளகாய்த்தூள் போன்றவற்றை இடையில் நிறுத்தி அளப்பது தொந்தரவாக இருந்தால், சமைக்கத் தொடங்கும் முன் ஜாடியோடு எடை போட்டு, முடித்தபின் மறுபடி எடை பாருங்கள். குறைந்திருப்பதுதான் உங்கள் அளவு.

எடை தெரிந்துவிட்டது என்பதற்காகப் பழைய சொற்களை நாங்கள் அடித்துவிடுவதில்லை. "எலுமிச்சை அளவு (35 கிராம்)", "சுண்டைக்காய் அளவு பெருங்காயம் (1 கிராம்)" என்று இரண்டையும் எழுதுகிறோம். ஆழாக்கு, உழக்கு என்று அளக்கிறவர்கள் அந்தப் பாத்திரத்தையே ஒருமுறை கொண்டுவந்தால் போதும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்ற கணக்கு எல்லாருக்கும் பொதுவானது. ஆனால் வீட்டுக்கு வீடு படியே வேறாக இருப்பதால், ஒரு முறை தண்ணீர் ஊற்றி மில்லிலிட்டரில் அளந்து குறித்துக்கொள்கிறோம்.

கோயம்புத்தூரில் மூணு விசிலுக்கு வெந்த பருப்பு இங்கே அஞ்சு விசில் வந்தும் ஏன் நறநறன்னு இருக்கு?

பருப்பின் மீதும் குக்கரின் மீதும் குற்றமில்லை. குற்றம் நாம் குடியிருக்கும் உயரத்தின் மீது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பர்லியார் தாண்டி வளைவுகளில் ஏற ஏறப் பந்து போல உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பாக்கெட்டுக்குள் காற்று கூடவில்லை, வெளியே காற்றின் அழுத்தம் குறைந்திருக்கிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் 94 டிகிரியிலும், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 93 டிகிரிக்குச் சற்றுக் கீழேயும் கொதிக்கிறது. கொதிக்கத் தொடங்கிய தண்ணீரை அதற்கு மேல் சூடாக்க முடியாது. அடுப்பை எரித்துத் தள்ளினாலும் அது ஆவியாகப் போகுமே தவிர, பருப்புக்குக் கூடுதல் சூடு கிடைக்காது. திறந்த பாத்திரத்தில் வடிக்கும் சோறு இங்கே நேரம் எடுப்பதும் இதனால்தான்.

குக்கர் இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்கிறது, முழுமையாக அல்ல. அதன் குண்டு, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவைத்தான் கூட்டித் தருகிறது. வெளியழுத்தமே குறைவு என்பதால், கீழே 120 டிகிரியை எட்டும் குக்கர் இங்கே 117 டிகிரி அளவில் நின்றுவிடுகிறது. பார்ப்பதற்கு மூன்று டிகிரிதான். துவரம்பருப்புக்கு அது தெரிகிறது.

விசிலை எண்ணுவதைக் கைவிடுங்கள் என்பதே என் யோசனை. தீயைக் கூட்டினால் நான்கு நிமிடத்தில் ஐந்து விசில் வரும், குறைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும். அது நேரத்தைக் காட்டும் கருவி அல்ல. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடக் கணக்கு வையுங்கள், சமவெளிக் குறிப்பில் 10 நிமிடம் என்றால் இங்கே 12 அல்லது 13 வையுங்கள். துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறவையுங்கள். கொண்டைக்கடலை, மொச்சை, உலர்ந்த அவரைக்கொட்டை ஆகியவற்றை இரவில் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் போடாமல் வெந்நீரில் ஊறவையுங்கள். புளியையும் தக்காளியையும் பருப்பு வெந்தபின் சேருங்கள். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் எந்த ஊரிலும் பருப்பு வேக அடம்பிடிக்கும்.

டிசம்பரில் இட்லி மாவு பொங்கவே மாட்டேங்குது. இங்கே இருக்கிறவங்க இட்லியே சாப்பிட மாட்டீங்களா?

சாப்பிடுகிறோம்; ஆனால் இன்றிரவு அரைத்து நாளைக் காலை சாப்பிடுவதில்லை. உளுந்தோடு இயல்பாகவே வரும் நுண்ணுயிரிகள்தாம் மாவைப் புளிக்கவைத்துப் பொங்கச் செய்கின்றன. அவற்றுக்கு 27 முதல் 32 டிகிரி வரையிலான வெதுவெதுப்பு வேண்டும். உறைபனி விழும் இரவில் சமையலறை மேடையில் வைத்த மாவு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்த மாவுக்குச் சமம். வெதுவெதுப்பான நீரில் அரைத்து, கையாலேயே நன்றாகக் கலந்து, 18 முதல் 24 மணி நேரம் கொடுங்கள். நாலுக்கு ஒன்று என்று போடுகிறவர்கள், பனிக்காலத்தில் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று மாற்றி, ஒரு தேக்கரண்டி வெந்தயமும் சேர்த்து ஊறவைத்தால் பலன் தெரியும். உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும் என்பதால் எங்களில் பலர் அதை மாவு பொங்கியபின் சேர்க்கிறார்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் குறிப்பேடு கலகலக்கிறது. ஒருவர் அரிசிப் பானைக்குள் புதைக்கிறார். ஒருவர் வெந்நீர் ஊற்றிய பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி மூடுகிறார். ஓவன் உள்ளவர்கள் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிடுகிறார்கள். கம்பளியால் சுற்றிக் கட்டிலில் படுக்கவைக்கும் முறைக்கே ஆதரவு அதிகம். அதை எழுதித் தந்த அக்காவின் தாளில் கடைசி வரி இப்படி இருக்கிறது: "இந்த வீட்டில் இரண்டு கம்பளிகள், ஒன்று மாவுக்கு, ஒன்று எனக்கு. அவர் சட்டை போட்டுக்கொண்டு தூங்குவார்."

தயிரும் உறையறதில்லையே?

முந்தைய பதிலில் சொன்ன இடங்கள் எல்லாம் தயிருக்கும் பொருந்தும். விரல் பொறுக்கும் சூட்டில், அதாவது 40 முதல் 45 டிகிரியில் உறை ஊற்றி, சமவெளியில் ஊற்றுவதைப் போல இரண்டு மடங்கு உறை ஊற்றுங்கள். ஹாட் பாக்ஸ் இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. மாவையும் தயிரையும் ஒரே கம்பளிக்குள் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், ஆனால் எழுந்து திரும்பிப் படுக்கும் பழக்கம் உள்ளவர்கள் வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் ரெண்டு கரண்டின்னு எழுதியிருக்கு. இங்கே அது கல்லா இருக்கே, கல்லை எப்படி அளக்கிறது?

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், ஆகவே எங்கள் வீடுகளில் ஆண்டின் பெரும்பகுதி அது கட்டிதான். உருக்கி அளந்த கரண்டி என்றே எங்கள் குறிப்புகளில் எப்போதும் பொருள். கட்டியாகக் கோரினால் கரண்டி மேல் ஒரு மலையும் சேர்ந்து வரும்.

மாமியாரைப் பத்தி ஜோக் எழுதலாமா?

நகைச்சுவைக்கு எங்களிடம் ஒரே ஒரு கட்டுப்பாடுதான் இருக்கிறது: நீங்கள் உடைத்த பானையைப் பற்றி மட்டும் எழுதுங்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் குறிப்பேட்டில் எல்லாமே மண்குடம், உடைத்தவர்தான் சொல்ல வேண்டும். மாமியார் தாமே வந்து தம் கதையைச் சொன்னால் அதைவிடச் சுவையானது எதுவும் இல்லை. தம் மருமகளுக்கு முன்னால், "தலைதீபாவளிக்கு நான் செய்த மைசூர்பாகை உங்கள் மாமனார் சுத்தியலால் உடைத்தார்" என்று ஒருவர் சொன்ன அன்று, பின்கட்டு வரை சிரிப்புக் கேட்டது. ஒருவருடைய உடல், நிறம், சாதி, அவர் வீட்டில் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பவை வேடிக்கைக்கு உரியவை அல்ல. உப்புமாவைப் பற்றிய நகைச்சுவைகள் ஏற்கெனவே இரண்டு பக்கம் நிறைந்துவிட்டதால், புதியவற்றை ஏற்பதற்கில்லை.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. வேடிக்கையைச் செய்முறையின் கடைசியில் தனியாக எழுதாமல், அது நேர்ந்த படியிலேயே எழுதுங்கள். அந்த மைசூர்பாகின் கதையை, பாகு கம்பிப்பதம் தாண்டும் இடத்தில் சேர்த்திருக்கிறோம். அடுத்து சமைப்பவர் சரியாக அந்த நொடியில் சுத்தியலை நினைத்துக்கொண்டு அடுப்பை அணைப்பார். செய்முறையில் சரியாக வருவது எப்படி என்று மட்டுமே பெரும்பாலும் எழுதப்படுகிறது, எந்த இடத்தில் கை தவறும் என்பது சிரிப்போடுதான் வெளியே வருகிறது. சிரிப்பில்லாத தாளை நான் திருப்பிக் கொடுப்பது இதனால்தான்.

ஆபத்தான தப்பையும் சிரிச்சுக்கிட்டு எழுதலாமா?

எழுத வேண்டும், ஆனால் அந்த வரி சிவப்பு மையில் இருக்கும். பால் பாயசத்துக்குப் பச்சைக் கற்பூரம் ஒரு துளி போடச் சொன்னால், பூஜை அறையில் இருந்த சூடத்தைப் பொடித்துப் போட்டவர் எங்களில் ஒருவர். முதல் கரண்டியை முகர்ந்த உடனேயே தெரிந்துவிட்டதால் யாரும் வாயில் வைக்கவில்லை. "பாயசத்தைச் சாப்பிடாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்" என்று அவரே எழுதினார். சிரித்துவிட்டு, சூடம் நஞ்சு, சிறு பிள்ளைகளுக்குச் சிறிதளவே ஆபத்தை உண்டாக்கும் என்று அதன் கீழே சிவப்பில் எழுதினோம். பச்சைக் கற்பூரத்தையும் பூஜைச் சூடத்தையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

நாங்க எஸ்டேட் லயத்துல இருக்கோம். தேங்காய் ரொட்டியும் சம்பலும்தான் எங்க சாப்பாடு. அதையெல்லாம் சமையல்னு எழுதுறதா?

அவசியம் எழுதுங்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிவந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை தருவதற்காக, 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமானது. அக்குடும்பங்களோடு கப்பலேறி வந்தவைதாம் பால் சொதியும் சம்பலும் தேங்காய் ரொட்டியும். நீலகிரியின் சமையலை எழுதும் குறிப்பேட்டில் அவை இல்லாவிட்டால் குறிப்பேடுதான் குறைபட்டது.

எங்களுக்குக் கிடைத்த செய்முறை இது: இரண்டு டம்ளர் கோதுமை அல்லது மைதா மாவுக்கு ஒரு டம்ளர் தேங்காய்த் துருவல், பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு. தேங்காயைப் போட்டு முதலில் மாவைப் பிசிறி, அதன் ஈரம் இறங்கியபின்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும். சப்பாத்தியைப் போலத் தேய்க்காமல், அரை விரல் கனத்துக்குக் கையால் தட்டி, மிதமான தீயில் இருபுறமும் புள்ளி விழும்வரை சுட வேண்டும். செத்தல் மிளகாயும் (காய்ந்த மிளகாய்) சின்ன வெங்காயமும் உப்பும் வைத்து இடித்து, எலுமிச்சை பிழிந்த சம்பல் துணைக்கு. காலையில் சுட்டுத் துணியில் சுற்றி எடுத்துப்போனால், கொழுந்து பறிக்கும் காட்டில் மதியம் வரை மெத்தென்று இருக்கும். இதைச் சொல்லித் தந்தவர் முதல் நாள் தாளைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வந்தார். இப்போது அவர் வராத மாதத்தில் எங்களுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

படகர் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டதை நான் எழுதித் தரலாமா?

சமைத்தவரைக் கேட்டு எழுதுங்கள், பெயரை அவர்கள் சொல்வது போலவே எழுதுங்கள். ஒருமுறை நான் அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட "அவரை உதக்க" என்ற பண்டத்தை, புரியட்டும் என்று "அவரைக் குழம்பு" எனப் படியெடுத்துவிட்டேன். பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர் ஊரை ஹட்டி என்பார்கள்) வரும் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் உங்கள் சாம்பாரை நான் பருப்பு உதக்க என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். அன்றே திருத்தினேன்.

கிறிஸ்துமஸ் கேக் நடுவில் குழிஞ்சுபோகுது. ஓவன் கெட்டுப்போச்சா?

விசில் பற்றிய பதிலில் வந்த சிப்ஸ் பாக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கேக்குக்குள் உண்டாகும் வாயுக் குமிழ்களும் அதே போல இங்கே அதிகமாக உப்புகின்றன. மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே அவை பெரிதாகி உடைவதால் நடுப்பகுதி அமுங்கிவிடுகிறது. சமவெளிக் குறிப்பில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்றிருந்தால் முக்கால் தேக்கரண்டி போடுங்கள், ஓவன் சூட்டை 10 டிகிரி அளவுக்குக் கூட்டுங்கள், ஈரம் வேகமாக ஆவியாவதால் இரண்டு மேசைக்கரண்டி பாலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குழிந்த கேக்கை வீணாக்க வேண்டாம்; குழியை ஜாமால் நிரப்பி, அப்படித்தான் செய்ய நினைத்ததாகச் சொல்லிவிடலாம். மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள்.

மழைக்குக் காட்டில் முளைக்கிற காளான் சமையல் எழுதலாமா?

கூடாது. நஞ்சுள்ள காளானும் உண்ணத் தகுந்த காளானும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், சமைப்பதால் எல்லா நஞ்சும் போய்விடாது. கடைக் காளானுக்கு மட்டும் இடம் உண்டு.

என் பிரியாணிக்கு ஒரு ரகசியப் பொருள் இருக்கு. அதை மட்டும் எழுதாமல் விட்டால் தப்பா?

செய்முறையையே தராமல் வைத்துக்கொள்வது உங்கள் உரிமை. ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். தருவதுபோல் தந்துவிட்டு ஒன்றை உருவிக்கொள்வதுதான் சரியில்லை. அதைப் பார்த்துச் சமைத்தவர், வராதது தம் கை என்று நினைத்துக்கொள்வார். தவிர, நிலக்கடலையும் முந்திரியும் ஒத்துக்கொள்ளாதவர்கள் எங்கள் கூடுகையில் இருக்கிறார்கள். ஒருவருடைய ரகசியம் அரைத்துவிட்ட முந்திரியாக இருந்தால், அது இன்னொருவருக்கு மருத்துவமனைச் செலவாக முடியும். ஆகவே, பொருள்களின் பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும். அளவை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மறைத்தாலும் எங்களிடம் தராசு இருக்கிறது.

மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்த என் மகளுக்கு இந்தக் குறிப்பை அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் ஒரு முன்னெச்சரிக்கையோடு அனுப்புங்கள். மேலே விசில், மாவு, தயிர், கேக் பற்றிச் சொன்னவை அனைத்தும் இங்கே சரி, கீழே தவறு. 12 நிமிடம் வைத்த பருப்பு அங்கே கூழாகும். முக்கால் கரண்டி பேக்கிங் பவுடர் போட்ட கேக் எழும்பாது. தேங்காய் எண்ணெயை உருக்க வேண்டிய தேவையே வராது.

இதை நாங்கள் தெரிந்துகொண்டது, கம்பளி அக்கா தம் மகளுக்கு இட்லி மாவுக் குறிப்பை அப்படியே படியெடுத்து அனுப்பியபோதுதான். சொன்னபடி வெதுவெதுப்பான நீரில் அரைத்து, கம்பளியில் சுற்றி, 20 மணி நேரம் வைத்தாள் அந்தப் பெண், சித்திரை மாத வெயிலில். அடுத்த கூடுகைக்கு அவளிடமிருந்து வந்த தாளில் செய்முறை எதுவும் இல்லை. "அம்மா, கம்பளியில் ஊத்தப்பம் வந்தது, பாத்திரத்தில் ஒன்றும் மிச்சமில்லை" என்ற ஒரு வரிதான் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கோடு கிழித்து, இடப்பக்கம் "மேலே" என்றும் வலப்பக்கம் "கீழே" என்றும் எழுதுகிறேன். வலப்பக்கத்தை நிரப்புகிறவள் அந்த மகள்தான்.